நின்றபடி போனவர்கள்

எங்கள் ஊர் ஐன் குஸைபாவிலிருந்து தோட்டவேலைக்குப் போகிற பிக்கப் வண்டிகளில் யாரும் உட்கார்ந்து போனது கிடையாது. ஒருத்தி உட்கார்ந்தால் இரண்டு பேர் நிற்கிற இடம் போய்விடும் என்பது வண்டிக்காரர்களின் கணக்கு. அதனால் கிழக்கு வெளுக்கும் முன்னாலேயே பின்தட்டில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். ஈரத் தகரத்தில் எவள் உட்காருவாள்? ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, நின்றபடியே போவோம். ஆலிவ் பறிக்கிற குளிர்காலத்தில் அந்த ஈரம் ரப்பர்ச் செருப்புக்குள் ஏறி, மத்தியானம் வரைக்கும் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

எங்கள் வண்டிக்காரன் லஸ்ஹரும் அப்படித்தான் கொட்டினான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சப்பாத்திக்கள்ளி வேலிதான். என் புருஷன் கைரவான் ஆஸ்பத்திரியில் இறந்தபோது உடலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அவன். பெட்ரோலுக்குக்கூடக் கை நீட்டவில்லை. அவன் மனைவி சல்ஹாவும், கூடப்பிறந்த தங்கை வஸீலாவும் அதே வண்டியில், அதே ஈரத்தில் எங்களோடு நின்றுதான் வந்தார்கள். சொந்த வீட்டுப் பெண்கள் என்று முன்னால் ஏற்றிக்கொள்ளவில்லை. முன்னிருக்கை கங்காணி ரிதாவுக்கு.

போன ஆலிவ் பருவத்தில், ஹாஜிப் சாலையில் பாலத்தை ஒட்டிய வளைவில், வஸீலா விழுந்தாள். கடைசியாக ஏறியதால் பின்கதவு ஓரமாக நின்றிருந்தாள். தகரம் வழுக்கியது, கொண்டி கழன்றது, அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்து, ஒட்டியதும் கோணலாக ஒட்டி, ஒரு கால் குட்டையாகிவிட்டது. நெடுநேரம் நிற்க முடியாது. நிற்க முடியாதவளுக்கு எந்த வண்டியில் இடம்? வீட்டோடு இருந்தாள்.

அவள் முற்றத்தில் விந்தி விந்தித் தேநீர்க் கெண்டியோடு வரும்போதெல்லாம் லஸ்ஹருக்குத் திடீரென்று வண்டியின் முன்மூடியைத் திறந்து எதையாவது பார்க்கவேண்டியிருக்கும். விழுந்த நாளுக்கு அப்புறம் கொஞ்ச காலம் அவன் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு பட்டாணி பறிப்பு வந்தது, ஆள் கூடியது, வாளியும் திரும்பி வந்தது.

பாதாம் பூத்திருந்த சமயத்தில் தலைநகர் தூனிஸிலிருந்து ஃபெரியெல் வந்தாள். உடுப்பு வடிவமைக்கிறவள். வசதியான பெண்கள் போடுகிற துணிகளை வரைந்து, வெட்டி, மேடையில் ஆட்களை நடக்கவிட்டுக் காட்டுகிறவள். முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். லஸ்ஹர் வீட்டு முற்றத்தில் எங்களோடு சப்பணமிட்டு உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"உங்களை வெச்சு ஒரு உடுப்பு வரிசை பண்ணணும்னு இருக்கேன். நீங்க வேலைக்கு உடுத்திக்கிட்டுப் போறீங்கல்ல, அந்தத் துணிதான்."

சல்ஹா சிரித்த சிரிப்பில் அடுப்படிக் கோழி எழுந்து ஓடியது.

"எங்க துணியா? புருஷனோட பழைய காற்சட்டை, அதுக்குமேல பூப்போட்ட பாவாடை, அதுக்குமேல செத்துப்போன மாமியாரோட ஸ்வெட்டரு. வெயில் ஏற ஏற வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டே இருப்போம். இதையா அங்க காசு குடுத்து வாங்கப் போறாளுவ?"

"ஆமா. இதைத்தான்."

"அப்ப ஸ்வெட்டர்ல இருக்கிற ஓட்டையும் சேத்துத் தைச்சிரு. அது எங்க மாமியாருக்கு ரொம்பப் பிடிச்ச ஓட்டை."

ஃபெரியெல் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடியலில் எங்களோடு வண்டியில் ஏறி நின்றாள். முன்னால் உட்காரும்படி லஸ்ஹர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. குலுங்கலில் அவள் என் மேலேயும் சல்ஹா மேலேயும் மாறி மாறிச் சாய்ந்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கம்மா," என்றாள் சல்ஹா. "நீ விழுந்தா டிவில சேதி வரும். நாங்க விழுந்தா ஆட்டுக்குத்தான் தெரியும்."

அன்று முழுக்கக் குனிந்து பட்டாணி பறித்தாள். மத்தியானம் ரொட்டியை மிளகாய் விழுதிலும் எண்ணெயிலும் தோய்த்துத் தின்றபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரமா, இடுப்புவலியா என்று எங்களுக்குள் பந்தயம் கட்டினோம். அப்புறம் வரப்பில் கால் நீட்டிப் படுத்தவளிடம் நான் கேட்டேன்.

"ஒரு சட்டையப் பாத்து ஊரு மாறுமாம்மா? நெசமாச் சொல்லு."

முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள். "தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சது துணி ஒண்ணுதான். வைத்தியம் தெரிஞ்சிருந்தா மருந்து குடுத்திருப்பேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மாறும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவளிடம் அப்புறம் பேசியிருக்க மாட்டேன்.

சில நாள் அவள் லஸ்ஹர் வீட்டிலேயே தங்கினாள். பகலில் நாங்கள் வேலைக்குப் போன பிறகு வஸீலாவும் அவளும்தான். வஸீலாவின் சிவப்புப் பூப்போட்ட முக்காட்டை விரித்து வைத்து அளந்தாள், வரைந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது கோடை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தூனிஸில் நடக்கப்போகிற காட்சிக்கு வஸீலாவும் வரவேண்டும், மேடையில் நடக்கவேண்டும் என்று ஃபெரியெல் போனில் கூப்பிட்டாள். துணைக்கு நானும் போவதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் சல்ஹா மண்ணடுப்புக்குள் கையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். லஸ்ஹர் வெளியே எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு, முகம் கறுத்துப்போய் வந்தான்.

"மேடையில பிக்கப் வண்டி ஒண்ணை நிறுத்தப் போறாங்களாம். அதுல தண்ணி ஊத்திக் காட்டப் போறாங்களாம். தண்ணி சமாச்சாரத்தை அவளுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் வஸீலா.

"எதுக்கு?"

"கேட்டா. ஏன் விழுந்தேன்னு கேட்டா. நம்ம ஊருல யாரும் அதைக் கேக்கலண்ணே. எப்ப விழுந்தே, எங்க விழுந்தே, வலி எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல."

லஸ்ஹர் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும். அதான் கேக்கல."

அடுப்பிலிருந்து புகை வந்தது. சல்ஹா ரொட்டியைக் கவனிக்கவில்லை.

"அங்க போயி என் பேரைச் சொல்லப் போறியா?" என்று கேட்டான்.

"தூனிஸ்ல உன்ன யாருக்குத் தெரியும்?"

"எனக்கு என்னைத் தெரியுமே வஸீலா."

"ஊத்தாம இருந்திருக்கலாம்ல?"

"எல்லாவனும் ஊத்துறான். நான் ஊத்தலைன்னா என் வண்டியில ஆளு குறையும். ஆளு குறைஞ்சா ரிதா வேற வண்டியக் கூப்பிடுவான். அப்புறம் நான் என்னத்த ஓட்டுறது? கழுதையா?" குரல் உயர்ந்து, பாதியிலேயே இறங்கிவிட்டது. "அன்னிக்கு நீ கடைசியா ஏறுவேன்னு நான் நெனைக்கல. எப்பவும் முன்னாடி ஓடிவந்து ஏறுறவ."

"அன்னிக்கு ரொட்டி கட்டிக்கிட்டு இருந்தேன். உனக்குத்தான்."

சல்ஹா கருகின ரொட்டியை எடுத்துக் கோழிகளுக்குப் போட்டாள். "போகவேணாம்னு சொல்லுறதுன்னா வாயத் தெறந்து சொல்லிருங்க," என்றாள் புருஷனிடம். "இல்லைன்னா சாப்பிட வாங்க." அவன் சாப்பிட வந்தான்.

நாங்கள் புறப்பட்ட காலையில் வழக்கம்போல ரிதா முன்கதவைத் திறந்தான். "நீ இன்னிக்குப் பின்னால ஏறு," என்றான் லஸ்ஹர். "தங்கச்சி முன்னால வருது. பஸ் நிறுத்தத்துல எறக்கணும்."

ரிதா பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். "ஏய், தட்டெல்லாம் ஈரமால்ல கெடக்கு!"

பெண்கள் சிரித்த சிரிப்பு பாலம் வரைக்கும் ஓயவில்லை. வஸீலா சிரிக்கவில்லை. முன்னிருக்கையில் கையை மடியில் வைத்து, விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தூனிஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் காட்சி. நடுவில் வெள்ளையடித்த பிக்கப் வண்டி நின்றது. சுற்றிலும் நாற்காலிகளில் வாசனை பூசிய ஆட்கள். வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலோ வழி தவறி நுழைந்துவிட்டமாதிரி நான் ஓரமாக ஒண்டி உட்கார்ந்தேன். ஒரு பையன் வாளித் தண்ணீரை வண்டித் தட்டில் ஊற்றினான். நெட்டையான பெண்கள் ஏறி நெருக்கியடித்து நின்றார்கள். காற்சட்டை, அதன்மேல் பாவாடை, அதன்மேல் ஸ்வெட்டர். எல்லாம் எங்களுடையதுதான், ஆனால் வழவழப்பான துணியில். பாவாடை நுனிகள் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துக்கொண்டே மேலேறின. மாமியார் ஸ்வெட்டரின் ஓட்டையைக்கூட விடாமல் தைத்திருந்தாள். ஓட்டையைச் சுற்றித் தங்க ஜரிகை. சல்ஹா பார்த்திருந்தால் செத்தே போயிருப்பாள்.

கடைசியில் வஸீலா வந்தாள். அவளுடைய சிவப்புப் பூவைத்தான் ஒரு நீள மேலங்கி முழுக்க அச்சடித்திருந்தார்கள். முதுகில், வண்டியில் நிற்கிற பெண்களை வரிசையாக நூலில் தைத்திருந்தார்கள். விந்தி விந்தி நடந்தாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் பக்கத்திலிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேர் அவள் காலைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். தபால்காரனிடம் கையெழுத்துப் போட நிற்கிறவள் மாதிரி இருந்தாள்.

ஒரு பத்திரிகைக்காரன் மைக்கை நீட்டினான். "உங்களை இப்படி ஆக்கின டிரைவர் யாரு? பேரைச் சொல்லுங்க. பயப்பட வேணாம்."

வஸீலா மைக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஓட்டினது யாருன்னு எல்லாரும் கேக்கீங்க. வண்டி எங்க போயிக்கிட்டிருந்துச்சுன்னு யாரும் கேக்கலியே."

"எங்கே போய்க்கிட்டிருந்தது?"

"ஆலிவ் தோட்டத்துக்கு. நீங்கல்லாம் ரொட்டில எண்ணெய் ஊத்திச் சாப்பிடுவீங்கல்ல, அது வர்ற எடத்துக்கு."

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், "அண்ணன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டியா?"

"இல்ல. சொல்லிருவேன்னுதான் நெனச்சேன். ரெண்டு நாளா வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன். அந்தப் பத்திரிகைக்காரன் பயப்பட வேணாம்னு சொன்னான் பாரு, அப்பத்தான் கோவம் வந்துச்சு. எனக்கு என்ன பயம்?"

அவள் மேடையில் பேசியது போனிலிருந்து போனுக்குத் தாவியது. அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. காவல்படைக்காரர்கள் ஹாஜிப் சாலையில் நின்று பிக்கப் வண்டிகளை மறித்தார்கள். முதலில் பிடிபட்டது லஸ்ஹர் வண்டி. பெண்களை நடுச்சாலையில் இறக்கிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊர் வண்டிகளும் பயந்து ஒதுங்கின. வேலைக்குப் போக வழியில்லாமல் போனது. தக்காளிப் பருவம் எங்கள் கண்ணெதிரே கழிந்தது.

தண்ணீர்க் குழாயடியில் வஸீலாவைக் கண்டால் பெண்கள் விலகி நின்றார்கள். "நடிகை வாராங்க, வழி விடுங்கடி," என்றாள் ஒருத்தி. "போட்டோ புடிக்க வந்திருப்பாங்க. குடத்தை அழகாப் புடிங்க." வஸீலா தலையைக் குனிந்துகொண்டு குடத்தை நிரப்பினாள். வீட்டில் லஸ்ஹர் காலையில் எழுந்து, வண்டி நின்ற இடத்தைச் சுற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்வான். அவளை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் ஃபெரியெல் மறுபடியும் வந்தாள். காரின் பின்பக்கம் முழுக்க ரவை மூட்டையும் எண்ணெய்த் தகரமும். தைத்த மேலங்கியெல்லாம் விற்றுப்போனதாகச் சொன்னாள். சொல்லும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்கினவங்க அதைப் போட்டுக்கிட்டு எங்க போறாங்க?" என்று வஸீலா கேட்டாள்.

"எங்கேயா? காபி குடிக்க, கடற்கரைக்கு, பிறந்தநாளுக்கு..."

"அப்ப நல்லாத்தான் இருக்காங்க."

ஃபெரியெல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வெக்கமா இருக்கு வஸீலா. ராத்திரி தூக்கம் வர்றதில்ல."

குறுக்கே வந்தவள் சல்ஹாதான். "ஏம்மா, வெக்கத்தக் கொண்டாந்து எங்க முற்றத்துல எறக்காத. எடமில்ல. எண்ணெய எறக்கு, அதுக்கு எடமிருக்கு." எல்லாருக்கும் சிரிப்பு வந்தது, ஃபெரியெலுக்கும் அழுகையோடு வந்தது. மூட்டைகளை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தோம். நடிகை என்று சொன்னவளும் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் எங்களில் சிலரைக் காரில் ஏற்றிக்கொண்டு, அரசு அலுவலகம் அலுவலகமாக ஃபெரியெல் ஏறி இறங்கினாள். தோட்டத் தொழிலாளிகளை உட்காரவைத்துத்தான் கூட்டிப்போகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரியவந்தது. "சட்டம் எப்பவோ வந்துருச்சு, வண்டிதான் இன்னும் வரல," என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். திரும்பும்போது ஊர் எல்லையில் சல்ஹா சொன்னாள்: "காருல உக்காந்து வாரது நல்லாத்தான் இருக்கு. முழங்கால் வலிக்கவே இல்ல."

இனி உட்கார இடமிருந்தால்தான் வேலைக்குப் போவது என்ற பேச்சு அதிலிருந்துதான் எங்களுக்குள் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

மிளகாய் சிவக்கத் தொடங்கியது. இனி ஆள் ஏற்றுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு லஸ்ஹருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அனல்காற்று அடித்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் கங்காணி ரிதா வந்தான்.

"ஹாஜ் முன்ஸிஃப் தோட்டத்துல மிளகாய் ரத்தமாத் தொங்குது. நாளைக்கு இருட்டோட கெளம்பு லஸ்ஹர். பெரிய சாலை வேணாம், ஓடைப் பாதையில போயிரலாம். அங்க எந்தக் காவல்படையும் வராது."

"உக்கார எடம் இருந்தா வாரோம்," என்றாள் சல்ஹா.

"நீ என்ன மதினி, புதுசாப் பேசுறே? தூனிஸ் காத்து இங்கயும் அடிக்குதோ?"

"காத்து எங்க அடிச்சா என்ன? நின்னுக்கிட்டு வரமாட்டோம்."

ரிதா அவளை விட்டுவிட்டு லஸ்ஹரைப் பார்த்தான். "நீ சொல்லுப்பா. வண்டி வந்துருச்சுல்ல?"

லஸ்ஹருக்கு அந்த நடை வேண்டியிருந்தது. வீட்டில் ரவை மட்டும்தான் மிச்சம் என்பது எனக்கே தெரியும். அவன் வண்டியைப் பார்த்தான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வஸீலாவின் சத்தம் நின்றிருந்தது.

"பிரேக் சரியில்ல," என்றான்.

"எப்பருந்து?"

"இப்பருந்து."

ரிதா எழுந்து போனான். கொஞ்சநேரம் கழித்து வஸீலா தேநீர் கொண்டுவந்தாள். லஸ்ஹர் முன்மூடியைத் திறக்கப் போகவில்லை. அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கி, அவள் திரும்பி நடந்து உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

செய்தி குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒருத்தியும் ஏறவில்லை. ரிதா தூரத்து ஊர்களிலிருந்து ஓடைப் பாதை வழியாக ஆள் கொண்டுவந்தான், போதவில்லை. பழுத்த மிளகாய் செடியிலேயே சுருங்கி உதிர்வதாகச் சேதி வந்தது. எங்களுக்கும் வயிறு சுருங்கத்தான் செய்தது. போய்விடலாமா என்று எனக்கே இரண்டு தடவை தோன்றியது.

தோட்டத்துச் சொந்தக்காரர் ஹாஜ் முன்ஸிஃப் நேரிலேயே வந்துவிட்டார். கூட அவருடைய மகள் யுஸ்ர். தூனிஸில் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். காரிலிருந்து அவள் இறங்கியதும் சல்ஹா என் கையைக் கிள்ளினாள். பெண் போட்டிருந்தது வஸீலாவின் சிவப்புப் பூ மேலங்கி.

ஹாஜி பேசினார்: நாங்கள் அவருக்குச் சொந்த மக்கள் மாதிரி என்றார், அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வருகிறவர்கள் என்றார். சல்ஹா தேநீர் ஊற்றிக்கொடுத்தாள். எங்கள் கண் அவர் முகத்தில் இல்லை.

"தங்கச்சி, கொஞ்சம் திரும்பு," என்றாள் வஸீலா யுஸ்ரிடம். "முதுகுப்பக்கம் பாக்கணும்."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே திரும்பினாள். வஸீலா எழுந்து விந்திப் போய், நூலில் தைத்த பெண்கள் வரிசையில் ஓரமாக நிற்கிறவளைத் தொட்டாள்.

"இது நான்."

யுஸ்ர் திரும்பினாள். வஸீலாவின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "நீங்களா? அந்த மேடையில... நான் அங்க இருந்தேன்கா. எழுந்து நின்னு கை தட்டினேன்."

"என்னம்மா இது?" என்றார் ஹாஜி.

"இந்தப் பெண்களுக்காகச் செஞ்ச உடுப்பு அப்பா. வண்டியில நின்னுக்கிட்டே வேலைக்குப் போறாங்கல்ல, அவங்களுக்கு ஆதரவா."

"எந்த வண்டியில? எந்த வேலைக்கு?"

யுஸ்ர் வாயைத் திறந்தாள். பதில் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். முகம் மேலங்கியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"உங்க தோட்டத்து வேலைக்குத்தாம்மா," என்றாள் சல்ஹா மெதுவாக. "வண்டி எங்க போச்சுன்னு இவ மேடையில சொன்னாள்ல? அந்த ஆலிவ் தோட்டம் உங்களோடதுதான். உன்னக் குத்தம் சொல்லல. நீ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டிருக்கே, நல்லாத்தான் இருக்கு உனக்கு. ஆனா இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது பாரு."

யுஸ்ர் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேலங்கியைக் கழற்றப் போகிறாள் என்று நான் நினைத்தேன். கழற்றவில்லை, இரண்டு கையாலும் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாஜி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "எங்க வீட்டுக்குள்ளயே சண்டை மூட்டிவிடுறீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் கழிவதற்குள் பஸ் வந்தது. பள்ளிக்கூடம் ஒன்று தள்ளிவிட்ட பழைய மஞ்சள் பஸ். இருக்கையெல்லாம் கிழிந்து பஞ்சு வெளியே நின்றது. எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் மட்டும்தான். மற்ற ஊர்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ரிதா சொன்னான்.

ஏன் வந்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மிளகாய் அழுகியதால் வந்தது என்கிறாள் சல்ஹா. யுஸ்ர் வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடித்தாள் என்று கேள்வி, அதனால்தான் என்கிறாள் வஸீலா. காவல்படைக்காரர்களுக்குப் பயந்து என்கிறான் லஸ்ஹர். ஃபெரியெலிடம் போனில் சொன்னபோது அவள், "அப்ப என் துணி ஏதாச்சும் பண்ணுச்சா அக்கா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டாள். "பண்ணுச்சும்மா," என்றேன். "எங்கள ரெண்டு மாசம் பட்டினி போட்டுச்சு, ஒரு பஸ்ஸையும் கொண்டாந்துச்சு. இதுல எது உன் துணி, எது நாங்கன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல." அவள் சிரித்தாள். அடுத்த முறை வரும்போது பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

பஸ்ஸை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. வாலிபத்தில் கஃப்ஸாவில் பெரிய லாரி ஓட்டியதால் லஸ்ஹரிடம் அதற்கான உரிமம் இருந்தது. ஆனால் அவன் வாய் திறந்து கேட்கவில்லை. குழாயடியில் பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அவன் வேண்டாம் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லாரும் வஸீலாவைப் பார்த்தார்கள்.

அவள் நிரம்பின குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"அந்த வளைவுக்குப் பக்கத்துல வந்தாலே அவன் ஊர்ந்துதான் போறான். நான் பாத்தேன்," என்றாள். "அவனே ஓட்டட்டும்."

வஸீலாவுக்கும் வேலை கிடைத்தது. கொட்டகையில் உட்கார்ந்து மிளகாய் தரம் பிரிக்கிற வேலை. அவளுக்கு இருந்த தடையெல்லாம் அங்கே போய்ச் சேருவதுதான். முதல்நாள் லஸ்ஹருக்கு நேர் பின்னால் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒரே கூச்சல். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டாள். ஒருத்தி ஏறின உடனே தூங்கிப்போனாள். பாலத்தை நெருங்கியதும் லஸ்ஹர் வேகத்தைக் குறைத்தான். வளைவு வந்தது, போனது.

பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற மண்பாதையில், ஓடைப்பக்கமிருந்து வந்த பிக்கப் ஒன்றை எட்டிப் பிடித்தோம். மற்ற ஊர்ப் பெண்கள், நெருக்கியடித்து நின்றுகொண்டு. லஸ்ஹர் ஒலிப்பானை அடித்து முந்தினான். எங்கள் பஸ் கிளப்பிய தூசி சுருண்டு எழுந்து அந்தப் பெண்களை மூடியது. முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருமுவது எங்களுக்குத் தெரிந்தது.

"அண்ணே," என்றாள் வஸீலா. "தூசி அவங்க மேல போகுது. அவங்கள முன்னால விடு."

"நேரமாகுதே. ரிதா கத்துவான்."

"கத்தட்டும்."

லஸ்ஹர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினான். பிக்கப் எங்களைத் தாண்டிப் போனது. நின்றிருந்த பெண்களில் ஒருத்தி எங்களை, எங்கள் இருக்கைகளை, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே போனாள். இப்போது அவர்கள் தூசி எங்கள்மேல் வந்தது. ஜன்னலை யாரும் மூடவில்லை.

தோட்டத்து வாசலில் ரிதா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக் கத்தினான். "உக்காரவெச்சுக் கூட்டியாந்தா இப்படித்தான். எறங்குங்க, எறங்குங்க! என்ன வேடிக்கை?"

"அவங்க நின்னுக்கிட்டு வந்திருக்காங்க ரிதா," என்றாள் வஸீலா, இருக்கையை விட்டு எழுந்திருக்காமல். "மொதல்ல அவங்க எறங்கட்டும்."

நாங்களும் எழுந்திருக்கவில்லை. பிக்கப்பின் பின்கதவு திறந்து, கடைசிப் பெண் மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றி நிற்கிற வரைக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தோம்.